கட்டி வளர்ப்பதா, விட்டு வளர்ப்பதா?

நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால், "உங்கட வளவுக்கு வேலி எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்பேன். வந்தவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கடுவனா பெட்டையா, தாய் கெட்டிக்காரியா என்று விசாரிக்க வந்தவரிடம் வேலியைப் பற்றிக் கேட்டால் வேறென்ன வரும்? ஆனாலும் எங்கள் கிளிநொச்சிப் பக்கம் நாயால் வருகிற சந்தோசமும் வில்லங்கமும் முக்கால்வாசி அந்த வேலியில்தான் தொடங்குகின்றன.

யாழ்ப்பாணத்தில் வளவு சிறிது, வேலி அடைப்பு. கிடுகோ தகரமோ மதிலோ, நாய் வெளியே போவதென்றால் படலையால்தான் போகவேண்டும். இங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர், சில இடங்களில் அதற்கும் கூட. சுற்றிவரக் கிளுவையும் சீமைக்கிளுவையும் நட்டு, நாலு வரி முள்ளுக்கம்பி இழுத்திருப்போம். மாடு வராது. நாய்க்கு அது வேலியே இல்லை. கீழ்க்கம்பிக்கு அடியில் மண்ணைக் கிண்டி, முதுகு மயிரில் கொஞ்சத்தைக் கம்பியில் விட்டுவிட்டுப் போய்விடும். வளவுக்குப் பின்னால் காடு என்றால் சொல்லவே வேண்டாம்.

"கட்டி வளக்கிற நாய் என்ன நாய்?" என்பது அப்பாவின் கட்சி. அவர் அக்கராயன் பக்கம் மாடும் வயலுமாக இருந்தவர். அவருடைய நாய்கள் சங்கிலியைக் கண்டதில்லை. அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. விட்டு வளர்த்த நாய்க்கு வருகிற அறிவு வேறு.

எங்கள் றோசி அப்படி வளர்ந்தவள். இரவில் அவள் குரைப்பதைக் கேட்டே என்ன வந்திருக்கிறது என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லலாம். ஆள் என்றால் படலைப் பக்கம் ஓடிப்போய் விடாமல் குரைப்பாள். கட்டாக்காலி மாடு என்றால் சத்தம் நகர்ந்துகொண்டே போகும், அவள் துரத்துகிறாள் என்று விளங்கும். பாம்பு என்றால் சத்தம் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு குரைப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு குரைப்பு. டோர்ச் அடித்துப் பார்த்தால் கழுத்தை நீட்டி முன்னுக்குப் போவதும் பின்னுக்குத் துள்ளுவதுமாக நிற்பாள். வைக்கோல் போருக்குள், விறகு அடுக்குக்குக் கீழே, ஒருமுறை மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றி வைக்கிற படிக்குப் பக்கத்தில் என்று அவள் காட்டிக்கொடுத்த புடையன்கள் பல. யானை வந்தால் மட்டும் குரைக்க மாட்டாள். தொண்டைக்குள் ஒரு உறுமலோடு, வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து ஒட்டிக்கொள்வாள். அந்த உறுமல் கேட்டால் நான் முற்றத்தில் இறங்குவதில்லை.

மாரி காலத்தில் விடியக் குசினிக்குள் போனால் அடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டு கிடப்பாள். அம்மா தும்புத்தடியால் தட்டினால் எழும்பி, உடம்பை ஒரு உதறு உதறி, கழுவி வைத்த பானை சட்டியெல்லாம் சாம்பலாக்கிவிட்டு, ஏதோ பெரிய வேலை இருக்கிற மாதிரி வெளியே போவாள். என் மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பும்போதே காது நிமிரும். அதைப் பார்த்து மகள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாள். வீட்டுக்காரிக்கு நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று போன் எடுத்துக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இனி மற்றப் பக்கம்.

காட்டுப்பன்றிக்கு வைக்கிற பொறிகளுக்குப் பன்றி எது, நாய் எது என்று தெரியாது. 'ஹக்கபட்டாஸ்' என்கிற பன்றிவெடியை இரைக்குள் சுற்றி வைப்பார்கள். மணம் பிடித்துக் கடித்தால் தாடை சிதறிவிடும். கட்டுத்துவக்கு என்றால் பன்றி போகிற பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி கட்டியிருக்கும், அதில் தட்டினால் துவக்கு வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரமும் நாயின் நெஞ்சு உயரமும் ஏறக்குறைய ஒன்று. சுருக்கில் பட்ட நாய் சிலவேளை கம்பியை அறுத்துக்கொண்டு வந்துவிடும். கழுத்து மயிருக்குள் கம்பி இறுகிக் கிடப்பது மணம் வந்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும். இதெல்லாம் சட்டத்துக்கு மாறான வேலை. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டம் முழுக்க உழுது விட்டுப் போன பன்றியை நினைத்துத் தலையில் கை வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். அதற்காக வெடி வைப்பது சரியென்று ஆகிவிடாது. காலையில் விறகுக்குப் போகிறவளும் அதே பாதையால்தான் போகிறாள்.

விடியக் காலமை வயலுக்குப் போகும்போது நாயைக் கூட்டிப் போனால் துணை என்று நினைப்பார்கள். யானையும் கரடியும் திரிகிற இடத்தில் அந்தத் துணை வேண்டாம். நாய் யானையைக் கண்டால் போய்ச் சீண்டும். யானை திரும்பினால் ஓடிவரும். யாரிடம் ஓடிவரும்? உங்களிடம்தான், யானையையும் பின்னால் கூட்டிக்கொண்டு. சிறுத்தையின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையை ஆட்கள் அடித்துக் கொன்ற காணொளி நாடு முழுக்கப் பரவியது. சிறுத்தைக்கு நாய் லேசான இரை. காட்டோரம் இரவில் திரிகிற நாய்கள் அதற்கு ஊருக்குள் வழி காட்டிவிடுகின்றன. ஏ9 வீதி ஓரத்து வீடுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே கிழட்டு நாயைக் காண்பது அருமை.

இதையெல்லாம் பார்த்துத்தான் நாங்கள் பகலில் ஓடுகம்பி, இரவில் வலைவேலி என்று ஒரு வழிக்கு வந்தோம். ஒரு ஏக்கருக்கும் வலை அடிக்க எங்களிடம் காசில்லை. வீட்டையும் ஆட்டுக்கொட்டிலையும் சுற்றி மட்டும் அடித்தோம். வலையின் அடிப்பக்கத்தில் ஒரு முழத்தை உள்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும். நாய் வேலியோரத்தில் நின்று கிண்டும்போது அந்த வலை காலில் தட்டும், கொஞ்ச நாளில் விட்டுவிடும். நேர்கீழே புதைத்தால் அதற்குக் கீழாலும் கிண்டும்.

ஓடுகம்பி என்றால் பெரிய விசயமில்லை. வேம்புக்கும் மாவுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலாகக் கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் போட்டு, வளையத்தில் சங்கிலி. கவனிக்க வேண்டியது சில உண்டு. வளையம் மரத்தடி வரை போகக்கூடாது, போனால் சங்கிலி மரத்தைச் சுற்றி நாய் நகர முடியாமல் நிற்கும். இரண்டு பக்கமும் மரத்துக்கு ஒரு பாகம், அதாவது இரண்டு கையும் விரித்த நீளம், முன்னாலேயே கம்பியில் தடை போடவேண்டும். நாய் படுக்கிற அளவுக்குச் சங்கிலி நீளம் வேண்டும், ஆனால் வேலிக்கோ திண்ணைக்கோ எட்டக்கூடாது. வேலியைத் தாண்டிப் பாய்ந்து மறுபக்கத்தில் தொங்கிச் செத்த நாய்கள் உண்டு. கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் லேசாகப் போகவேண்டும், குட்டி என்றால் அதைக் கிழமைக்கு ஒருக்கால் பார்த்துத் தளர்த்த வேண்டும். நிழல் மத்தியானம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தண்ணிச் சட்டியை வையுங்கள். காலை நிழலில் வைத்த தண்ணி பங்குனி சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்குக் கொதித்துப்போய் இருக்கும்.

நாள் முழுக்கக் கட்டியே கிடக்கிற நாய் கடிநாயாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். பின்னேரத்தில் வரம்பு வழியே ஒரு நடை கட்டாயம். அப்பா கடைசி வரை ஓடுகம்பியை ஒத்துக்கொள்ளவில்லை. நான் வீட்டுக்கு வர முன்னரே அவிழ்த்துவிட்டு, "அவளா கழட்டிட்டாள்" என்பார்.

குட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் கடுவன்தான் வேண்டும். பெட்டைக் குட்டிகள் உரப்பையில் போய்ச் சந்தை வாசலிலும் கோயில் வாசலிலும் இறங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், கரு தங்கினால் ஏறக்குறைய 63 நாளில் குட்டி. யோசித்துப் பாருங்கள். நாலு வரிக் கம்பி வேலிக்குள் அதைக் காவல் காக்க முடியாது, ஊர்க் கடுவன் எல்லாம் வளவுக்குள்தான். றோசிக்குக் கருத்தடை செய்வதென்று முடிவெடுத்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். அம்மா "பாவம், ஒருக்காலாவது தாய்மையைக் காணட்டும்" என்றார். நான் கேட்டேன், அந்தக் குட்டிகளை ஆர் வளர்ப்பது? அம்மாவிடம் பதில் இருக்கவில்லை, ஆனால் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கால்நடை வைத்திய அலுவலகம் மூலம் இடைக்கிடை இலவசக் கருத்தடை முகாம் வரும். கிராம சேவையாளரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லி வைத்தால் தகவல் கிடைக்கும். பருவத்துக்கு வந்திருக்கும்போது செய்ய வைத்தியர்கள் விரும்ப மாட்டார்கள், இரத்தம் கூடப் போகும். அது முடிந்து இரண்டு மாதம் போகவிட்டால் நல்லது. எங்கள் பக்கத்துக்கு என் ஆலோசனை, மாரியில் செய்யாதீர்கள். ஈர மண்ணில் படுத்துத் தையல் சீழ் பிடிக்கும். வெயில் காலத்தில் செய்து, பத்து நாள் திண்ணையில் சாக்கு விரித்துக் கிடத்துங்கள், தையலை நக்க விடாதீர்கள்.

திரிகிற நாய்களுக்கு இணைசேரும்போது தொற்றுகிற ஒரு கட்டி உண்டு. சிறுநீர் வாசலால் சொட்டுச் சொட்டாக இரத்தம் வரும். ஏதோ காயம் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருப்பார்கள், புற்றுநோய் என்று கேள்விப்பட்டால் கைவிட்டுவிடுவார்கள். இரண்டும் தேவையில்லை. கிழமைக்கு ஒன்றாக வின்கிறிஸ்ரின் ஊசி சில போட்டாலே பெரும்பாலான நாய்களுக்கு அது கரைந்துபோகும்.

விசர் நோய்க்கு வருவோம். நாய்க்குத் தடுப்பூசி குட்டியிலிருந்து வருடம் ஒருமுறை, அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. போட்ட அட்டையைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள், யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்பது அதைத்தான். 2006இலிருந்து தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது ஊரைக் காப்பது இந்த ஊசிதான். கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே அரச வைத்தியசாலை. குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது. நோய்க்குணம் காட்டத் தொடங்கிய பிறகு மனிதருக்கும் மருந்தில்லை.

அதிகம் பேர் அறியாத ஒன்று. விசர் பிடித்த நாய் எல்லாம் ஓடி ஓடிக் கடிக்கும் என்றில்லை. சிலது ஒதுங்கிப் படுக்கும். கீழ்த்தாடை தொங்கும், வாயூறும், விழுங்க முடியாமல் நிற்கும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கின மாதிரித்தான் தெரியும். பாசத்தில் வாய்க்குள் கையை விட்டு முள் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மாடும் இப்படி வாயூறிக்கொண்டு நிற்கலாம், விசர் நாயொன்று கடித்துவிட்டுப் போனது யாருக்கும் தெரிந்திராது.

உண்ணிக் காய்ச்சலையும் பார்வோவையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாய் சாப்பிடாமல் படுத்தால் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு இல்லாமல் வெளிறிக் கிடந்தால், சிறுநீரும் தேத்தண்ணி நிறத்தில் போனால், அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். உண்ணி பிடிக்கக் காதின் உட்பக்கமும் விரல் இடுக்கும் முக்கியம். மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ உடம்பில் பூசாதீர்கள், தோலால் உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். நாங்களாகப் பனடோலும் கொடுக்கக்கூடாது. பார்வோ என்றால் குட்டிகளுக்குச் சத்தியும் இரத்த வயிற்றோட்டமும், மணமே சொல்லிக்கொடுக்கும். அதற்கு ஊசி ஆறு எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக நாலு மாதம் வரை. பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். பார்வோவில் குட்டி செத்த வளவில் அந்தக் கிருமி மாதக்கணக்காக மண்ணில் கிடக்கும், உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

றோசிக்குத் துணையாக வளர்ந்தவன் வீரன். அவனுக்குத்தான் பன்றிவெடி. பின்னேரம் வரம்பில் நடக்கும்போது என் கண் முன்னால் பற்றைக்குள் பாய்ந்தான், சத்தம் கேட்டது. திரும்பி வந்தவனுக்குக் கீழ்த்தாடையின் முன்பாதி இல்லை. வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தான்.

மோட்டார் சைக்கிளில் நடுவில் உரப்பையைப் போட்டுக் கொண்டுபோனோம். கால்நடை வைத்தியர் பார்த்துவிட்டுச் சில கேள்விகள் கேட்டார். இவனால் இனித் தானாகச் சாப்பிட முடியுமா? தண்ணி குடிக்க முடியுமா? வலி இல்லாமல் ஒரு இரவு படுக்க முடியுமா? கொழும்புக்கோ பேராதனைக்கோ கொண்டுபோக உங்களுக்கு வசதி உண்டா, கொண்டுபோனாலும் பிறகு இவனை வைத்துப் பராமரிக்க ஆளுண்டா? ஒவ்வொன்றுக்கும் நான் தலையை ஆட்டியது இல்லை என்றுதான். அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "வைரவற்ற வாகனம். ஊசி போட்டுக் கொல்லுறது எங்கட குடும்பத்தில இல்லை" என்றார். நான் போனை வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாக, "ஐயா, விட்டா ரெண்டு மூண்டு நாள் தண்ணியில்லாமக் கிடந்து சாகும்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கிட்ட நிண்டு தலையைத் தடவச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மயக்க மருந்து, நாய் உறங்கிவிடும். பிறகுதான் மற்றது, சில நிமிடத்தில் இதயம் நிற்கும். உறங்கிய பிறகு ஒரு மூச்சு இழுப்பதும் கால் துடிப்பதும் நடக்கலாம், அது வலியில்லை என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லி வைத்தது எனக்கு உதவியது. மகளை நான் உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்து புதைக்கும்போது அவள் நின்றாள், மண்ணும் போட்டாள். "தூங்கிட்டான்" என்று நாங்கள் பிள்ளைக்குச் சொல்லவில்லை, செத்துவிட்டான் என்றே சொன்னோம். அது நல்லது என்றே நினைக்கிறேன். கிணற்றுக்குத் தூரமாக, இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி, மேலே பனங்கருக்கு மட்டை அடுக்கினோம். இல்லாவிட்டால் பன்றியும் மற்ற நாய்களும் கிண்டிவிடும்.

எல்லா முடிவும் அந்தப் பக்கமே போகவேண்டும் என்றில்லை. றோசிக்கு வயதான பிறகு உண்ணிக் காய்ச்சல் வந்து எழும்பாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டு அண்ணை, "கிழடுதானே, ஊசியைப் போட்டு விடு, புண்ணியமாப் போகும்" என்றார். அதே வைத்தியர் முரசைப் பார்த்துவிட்டு, "வயசு ஒரு வருத்தமில்லை" என்று மாத்திரை எழுதித் தந்தார். நாலு கிழமை மாத்திரை, சூடை மீன் அவித்த தண்ணியில் சோறு. அதன்பிறகும் அவள் அடுப்புச் சாம்பலில் சில மாரி கிடந்தாள். நாய்க்குத் தீராத வேதனையா, அல்லது நமக்கு அலுப்பா என்பதை வீட்டுக்காரர் மட்டும் தனியாக முடிவெடுக்கக்கூடாது. வைத்தியரை வைத்துக்கொண்டு எடுங்கள்.

விட்டுவிட்டுப் போவதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், வன்னியில் அது எல்லா வீட்டுக் கதையும். 2008இன் பிற்பகுதியில் சண்டைக்குப் பயந்து நாங்கள் அக்கராயனை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டில் இரண்டு நாய். உழவு இயந்திரப் பெட்டிக்குள் தறப்பாளும் நெல் மூட்டையும் அம்மம்மாவும். நாய்களுக்கு இடமில்லை. அப்பா கோழிக்கூட்டைத் திறந்தார், மாடுகளை அவிழ்த்தார், மிச்சச் சோற்றை முற்றத்தில் கொட்டினார். ஒன்று கிளிநொச்சி வரை பின்னால் ஓடிவந்தது. தர்மபுரம், விசுவமடு என்று நாங்கள் போனோம், அது எங்கே நின்றதென்று தெரியாது. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு 2010இல் திரும்பி வந்தபோது ஊருக்குள் நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. அப்பா ஒவ்வொன்றையும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. சங்கிலிமேல் அவருக்கிருந்த வெறுப்பை அன்றைக்குப் பிறகு நான் கேலி செய்ததில்லை.

அதனால் ஓடுகம்பி போடுகிறவர்களுக்கு ஒரு கட்டாய வேண்டுகோள். கொளுக்கி ஒரு கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் கழற்றத் தெரிந்திருக்கட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியின் தாழ்ந்த இடங்களுக்குள் வெள்ளம் வந்தது இரவில். கொண்டுபோக முடியாவிட்டாலும் அவிழ்த்துவிடுங்கள், நாய் நீந்தும்.

இப்போது போகிறவர்கள் கனடாவுக்கும் கொழும்புக்கும் போகிறார்கள். நாய் அம்மம்மாவோடு நிற்கும், அம்மம்மாவும் போனால் தெருவில் நிற்கும். வளர்ந்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம், அதற்கும் முறை உண்டு. அது படுக்கிற சாக்கையும் சாப்பிடுகிற சட்டியையும் கூடவே கொடுங்கள். புது வீட்டில் இரண்டு மூன்று கிழமை கட்டி வைத்து, புதுக்காரரே கையால் சோறு போடவேண்டும். அதற்கு முதல் அவிழ்த்தால் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்கும், எத்தனை மைல் என்றாலும். தடுப்பூசி அட்டையையும் கொடுங்கள். இயலுமென்றால் மாதா மாதம் சாப்பாட்டுக் காசும்.

எங்கள் ஊரில் ஒரு அண்ணை பிள்ளைகளிடம் ரொறன்ரோவுக்குப் போகும்போது இதெல்லாம் சரியாகச் செய்து, நாயை ஒட்டுசுட்டானில் தங்கச்சி வீட்டில் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுத்து, "அவனைக் காட்டு, அவனைக் காட்டு" என்று நிற்பார். நாய் போனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தங்கச்சி போனைத் தன் பக்கம் திருப்பி, போன மாதக் காசு இன்னும் வரவில்லை என்பதை ஞாபகப்படுத்துவாள்.